அடுக்களைச் சபையும் முற்றத்துச் சபையும்

அமெரிக்காவில் சட்டம் செய்வது யார், அதை நடத்துவது யார், நடத்துவது முறைதானா என்று பார்த்துச் சொல்வது யார் என்று என்னைக் கேளுங்கள். பிரித்துப் பிரித்துச் சொல்வேன். சிரிக்காதீர்கள். நம்மோடு படித்தவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். நீங்களும் போய்ப் பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். நான் பாறசாலையை விட்டு அதிகமாகப் போனது மதுரை வரைக்கும்தான். ஆனாலும் சொல்வேன். அந்த நாட்டு ஆட்சி எங்கள் வீட்டில் ஒரு கோடைகாலம் முழுக்க நடந்தது.

எல்லைச் சண்டை நடந்த வருஷங்கள் அவை. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் திருவனந்தபுரத்து சர்க்காரிலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம், நெய்யாற்றின்கரையை விட்டுத் தர முடியாது என்று இன்னொரு கூட்டம். நாம் இரண்டுக்கும் நடுவில் இருந்தோம். குளத்தூர்ப் பக்கத்துச் சுவர்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்றைக்குத் தமிழில் எழுதுவார்கள், நாளைக்கு அதன்மேல் சுண்ணாம்பு அடித்து மலையாளத்தில் எழுதுவார்கள். நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஈரச் சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, வீட்டில் அடி வாங்குவோம். வீட்டுக்குள் தமிழ், சந்தையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் என்று வளர்ந்த பிள்ளைகள் நாம். எந்தப் பக்கம் போனாலும் பாதி நாக்கு இந்தப் பக்கம் கிடக்கும் என்பது பெரியவர்களுக்கு ஏனோ தோன்றவில்லை.

எங்கள் வீடு மருமக்கள் வழி வீடு. வீட்டுக்குத் தலைவர் அப்பா இல்லை, அம்மையின் மூத்த அண்ணன். ஊரார் அவரைக் காரணவர் என்பார்கள், எனக்கும் அக்காவுக்கும் அவர் மாமா. சட்டம் மாறி வெகுகாலம் ஆகியும் எங்கள் வீட்டில் வழக்கம் மாறவில்லை. எந்தத் தென்னையை வெட்டுவது, எந்தப் பசுவை விற்பது, யாரை யாருக்குக் கட்டிக்கொடுப்பது எல்லாம் மாமாவின் வாயிலிருந்து வர வேண்டும். அப்பா நெய்யாற்றின்கரையில் வக்கீல் குமாஸ்தா. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிற மனிதர், சொந்த வீட்டில் ஒரு பலாச்சக்கை வெட்டுவதற்கு மாமாவின் முகத்தைப் பார்ப்பார்.

மாமா எல்லைப் போராட்டத்தில் தமிழ்ப் பக்கத்து முன்வரிசை ஆள். கதர் ஜிப்பாவும் கனத்த குரலும். "எங்களைக் கேக்காம எங்களை ஆள ஒருத்தனுக்கும் அதிகாரம் இல்ல!" என்று மேடையில் முழங்குவார். கைதட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, எங்களைக் கேட்காமல் எங்களை ஆள்வார். அந்த வயதில் எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. வீடு என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் அக்கா பள்ளி இறுதி வகுப்பு தேறியிருந்தாள். அவளுக்கு டீச்சராக வேண்டும். மாட்டுக்கொட்டிலில் என்னையும் இரண்டு கன்றுக்குட்டிகளையும் உட்கார வைத்துப் பாடம் நடத்துவாள், தப்பாகச் சொன்னால் என்னை மட்டும் அடிப்பாள். திருவனந்தபுரத்தில் சர்க்கார் நடத்திய ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கு மாமாவுக்குத் தெரியாமல் மனுப் போட்டிருந்தாள். எழுதிக் கொடுத்தது அப்பா. தம் பெண்ணுக்கு மனு எழுதுகிறபோது மட்டும் அவர் நாலு காகிதத்தைக் கிழித்துப் போட்டார் என்று அம்மை பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள்.

பதில் வருவதற்கு முன்னால் அந்தப் பட வண்டி வந்தது. அமெரிக்கக்காரர்கள் ஊர் ஊராக அனுப்பிய வண்டி. சர்ச் மைதானத்தில் இரண்டு தென்னைக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டினார்கள். அந்தி சாய்ந்ததும் வண்டிக்குள் ஒரு யந்திரம் தடதடவென்று ஓட, பெட்ரோல் வாசனையும் மைதானத்து முந்திரி மரங்களில் பழுத்த கொல்லாம்பழ வாசனையும் கலந்து வந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ சினிமா பார்த்துவிட்டேன். கொல்லாம்பழம் மணக்காத சினிமா எனக்கு ஒரு குறையாகத்தான் இருக்கிறது.

படத்தில் ஒரு வெள்ளை மாளிகை, கிண்ணம் கவிழ்த்த மாதிரிக் கூரை போட்ட ஒரு பெரிய கட்டிடம், தூண்கள் நிற்கிற இன்னொரு கட்டிடம். வண்டியோடு வந்த திருவனந்தபுரத்து ஆள் ஒலிபெருக்கியில் தமிழும் மலையாளமுமாக விளக்கினார். சட்டம் செய்கிற சபையின் பெயர் காங்கிரஸ் என்றதும் கூட்டத்தில் பாதி கை தட்டியது, பாதி ஊளையிட்டது. "இது கட்சி அல்ல, சபை, சபை" என்று அவர் கத்தி அடக்க வேண்டியிருந்தது. அந்தச் சபை இரண்டு பிரிவாம். ஒன்றில் ஜனத்தொகைக்குத் தக்க ஆள். மற்றதில் மாகாணம் பெரிதோ சிறிதோ, ஒவ்வொன்றுக்கும் இரண்டே பேர். அதைக் கேட்டதும் மாமாவின் ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "அந்தப் பாகத்தை இன்னொருக்கா காட்டும் ஓய்!" என்று ஒரே கூச்சல். அவர் படத்தைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி காட்டினார்.

இரண்டு பிரிவும் சேர்ந்து சட்டம் செய்யும். ஜனாதிபதி கையெழுத்துப் போட்டால் நடக்கும். வேண்டாம் என்று அவர் திருப்பி அனுப்பலாம். ஆனால் இரண்டு பிரிவிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் மறுபடி வேண்டும் என்றால், அவர் வேண்டாம் என்றாலும் அது சட்டம்தான். பட்டாளம் அவர் கையில், கஜானா சாவி சபையின் கையில். கறுப்பு அங்கி போட்ட நீதிபதிகளை அவர்தான் நியமிப்பார், ஆனால் மாகாணத்துக்கு இரண்டு பேர் என்ற அந்தப் பிரிவு சம்மதிக்க வேண்டும். நியமித்த பிறகு அவர்களை அவர் விருப்பத்துக்கு இறக்க முடியாது. எழுதிவைத்த சாசனத்துக்கு ஒத்துவராததை அது செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அந்தச் சாசனத்தில் மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்காத அதிகாரம் மாகாணத்துக்கோ மக்களுக்கோ சொந்தம். இந்தக் கடைசி வரிக்கு மாமா தட்டிய கை இன்னும் என் காதில் கேட்கிறது.

படம் முடிந்ததும் மாமா எழுந்து, "ஒரு சந்தேகம். ரெண்டு மாகாணத்துக்கு எடையில எல்லைத் தகராறு வந்தா அங்க ஆரு தீப்பா?" என்று கேட்டார்.

அந்த ஆள் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "அது நேரே பெரிய கோர்ட்டுக்குப் போகும்" என்றார்.

மாமா உட்கார்ந்துவிட்டார். வீடு வரைக்கும், "நேரே கோர்ட்டு... நேரே கோர்ட்டு" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வந்தார். இதற்குள் எல்லையைத் தீர்மானிக்க வரப்போகிற கமிஷன்தான் வண்டியை முன்கூட்டி அனுப்பியிருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் இரண்டு கட்சிக்காரர்களும் டிரைவரிடம் மனுக் கொடுத்தார்கள். மனு மட்டும் கொடுத்தால் நன்றாக இருக்காது என்று சக்கையும் இளநீரும் ஏற்றினார்கள். அந்தப் பாவப்பட்ட மனிதர் எதையும் மறுக்காமல் அமரவிளைப் பக்கமாக வண்டியை விட்டார். அந்த மனுக்கள் எங்கே போயினவோ, சக்கை வீணாகப் போயிருக்காது.

அதன் பிறகு எங்கள் முற்றத்தில் தினம் சாயங்காலம் மாமாவின் அமெரிக்க வகுப்பு. கருப்பட்டிக் காப்பியும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் வைத்துக்கொண்டு தொண்டர்கள் கேட்பார்கள். "ஒருத்தன் கையில எல்லாம் குடுக்கப்பிடாது. அதாக்கும் சூட்சுமம். ஒருத்தனை ஒருத்தன் பிடிச்சு நிறுத்தணும்" என்பார் மாமா. அடுக்களைக்குள் அம்மையின் தங்கை, எங்கள் சின்னம்மை, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவளுக்கு வாய்த்துடுக்கு அதிகம். ஒரு நாள் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு, "அண்ணே, தப்பு செஞ்சா அந்த ஜனாதிபதியையே விசாரிச்சு இறக்கவும் வழி உண்டாமே?" என்று கேட்டாள். மாமாவுக்குக் காப்பி புரைக்கேறியது.

அப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்குப் பதில் வந்தது. இடம் உண்டு, பள்ளி திறக்கிற நாளில் வந்து சேராவிட்டால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அக்கா அதை மடியில் செருகிக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் திரிந்தாள். சாயங்காலம் மாமாவின் முன்னால் வைத்தாள்.

மாமா இரண்டு தடவை படித்தார். முதல் தடவை அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இரண்டாவது தடவை சுருங்கிவிட்டது. பக்கத்தில் அவருடைய தம்பி உட்கார்ந்திருந்தார், எங்கள் சின்ன மாமா. போராட்டத்தில் மாமா நெருப்பு என்றால் அவர் வெடிமருந்து.

"திருவனந்தபுரத்து சர்க்காருக்க பள்ளிக்கூடமா?" என்றார் சின்ன மாமா. "அண்ணே, நாம அவனை எதுத்து நிக்கியோம். நம்ம வீட்டுப் பிள்ளை அவனுக்க சோறு தின்னப் போவுதா?"

மாமா அந்தக் காகிதத்தை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். "எல்லை வரட்டும் மக்கா. வந்தா நாகர்கோவில்ல படிக்கலாம். இப்பம் வேண்டாம்."

"எல்லை எப்பம் வரும் மாமா?"

"வரும்."

அக்கா அழவில்லை. அவள் அழுதிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நேராக மாமாவைப் பார்த்து, "நீங்க வேண்டாம்னு சொல்லுதது அந்த ஜனாதிபதி திருப்பி அனுப்புத மாதிரியா?" என்று கேட்டாள். முற்றத்தில் இருந்த தொண்டர்களெல்லாம் மாமாவைப் பார்த்தார்கள். மாமா, "அப்பிடித்தான்னு வெச்சுக்கோ" என்றார்.

"அப்போ ரெண்டு சபையும் கூடட்டு."

இப்படித்தான் எங்கள் வீட்டில் அமெரிக்கா வந்தது. அடுக்களை ஒரு சபை, முற்றம் ஒரு சபை. அடுக்களையில் அம்மை, மாமாவின் மனைவியான மாமி, சின்னம்மை. முற்றத்தில் அப்பா, சின்ன மாமா, மாமாவின் மகனான அத்தான். ஒவ்வொன்றிலும் மூன்று பேர், இரண்டு பேர் வேண்டும் என்றால் போதும். மாமா தலைவர், அவருக்கு ஓட்டு இல்லை. நெல் பத்தாயத்துச் சாவி எப்போதும் அம்மையின் இடுப்பில்தான் இருக்கும். கஜானாவும் சரியாக இருக்கிறது என்று அக்கா கணக்குப் பார்த்தாள். அடுக்களை எங்கள் பக்கம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. முற்றத்தில் சின்ன மாமா வேண்டாம் என்பார், அப்பா வேண்டும் என்பார். எல்லாம் அத்தான் கையில் இருந்தது. அவருக்கும் அக்காவுக்கும் கல்யாணம் என்று சின்ன வயதிலேயே பேசிவைத்திருந்தார்கள். அவள் படிக்கப் போனால் அவர் காத்திருக்க வேண்டும். அத்தான் அமைதியான பிறவி. பசு மாட்டுக்குப் புல் போடும்போதுகூட அதனிடம் மன்னிப்புக் கேட்பது போல நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஓட்டு எடுத்தோம். முற்றத்தில் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "போகட்டு" என்றார். வீட்டில் அவர் குரலை அவ்வளவு தெளிவாக நான் அதுவரை கேட்டதில்லை. சின்ன மாமா, "வேண்டாம்" என்றார். அத்தான் மண்ணைப் பார்த்துக்கொண்டு, "அவ போகட்டு. நான் இருக்கியேன்" என்றார். அக்கா தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். காது வரை சிவந்திருந்தாள். முற்றத்தில் நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

நான் அடுக்களைக்கு ஓடினேன். சின்னம்மை, "போகட்டு" என்றாள். மாமி, "எனக்க மகனுக்குக் கல்யாணம் ஆகணும், வேண்டாம்" என்றாள். பாவம், அவளிடம் ஒளிவுமறைவு கிடையாது. மிச்சம் அம்மை. புளிக்கரைசலில் கையை வைத்தபடியே நின்றாள். அவள் வாயிலிருந்து வேண்டும் என்று வருவதற்குள் நான் மனதில் அக்காவைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

"வேண்டாம்" என்றாள் அம்மை.

"நீயாம்மா?" என்று கத்தினேன்.

"எனக்க அண்ணனை ஊருக்கு முன்ன நிறுத்தித் தோக்கடிக்க எனக்குக் கை வராது பிள்ளே" என்றாள். கண்ணிலிருந்து நீர் புளியில் விழுந்தது. அம்மையை அன்றைக்கு நான் வெறுத்தேன், நன்றாகவே வெறுத்தேன். அப்பா இறந்த பிறகு மூன்று வேளையும் அவள் சாப்பிட்டாளா என்று வந்து பார்த்தது அந்த அண்ணன் ஒருவர்தான் என்று தெரிய எனக்கு எவ்வளவோ வருஷம் ஆயிற்று.

முற்றத்தில் சின்ன மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அக்கா மாட்டுக்கொட்டிலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

மறுநாள் காலை அம்மைதான் கொட்டிலுக்குப் போனாள். பால் கறந்துகொண்டே, பசுவிடம் பேசுவது போல, "தோக்கடிக்கதுதான் என்னால ஆகாது. தீர்ப்பு கேக்கலாமே. தீர்ப்பு வேற, தோல்வி வேற" என்றாள். அக்கா விருட்டென்று எழுந்தாள்.

படத்தில் பார்த்த மூன்றாவது கட்டிடத்தை, தூண்கள் நிற்கிற அந்தக் கோர்ட்டை, நாங்கள் மறந்தே போயிருந்தோம். அக்கா மாமாவிடம் போய், தன் வழக்குக்கு ஒரு நீதிபதி வேண்டும் என்றாள். நியமிப்பது மாமாவின் பாடு, சம்மதிப்பது அடுக்களையின் பாடு. சின்ன மாமா போராட்டத் தலைவர்களில் ஒருவரைச் சொன்னார். மாமா நாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "உபதேசியார்" என்றார்.

உபதேசியார் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். சர்ச்சில் பாதிரி ஐயர் வராத நாட்களில் பிரசங்கம் செய்கிறவர். உங்களுக்குத் தெரியும், நம் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்குள் சண்டை வந்தால் சொந்தக்காரனிடம் போக மாட்டோம், அவன் எப்படியும் ஒரு பக்கம் சாய்வான். நம் வீட்டு வழக்கை வேதக்காரக் கிறிஸ்தவர் வீட்டுப் பெரியவர் தீர்ப்பார், அவர்கள் வீட்டு வழக்கை நம் வீட்டுப் பெரியவர் தீர்ப்பார். பெண் கொடுக்கவும் போவதில்லை, எடுக்கவும் போவதில்லை, அதனால் பயமில்லை. எங்கள் வீட்டுக்கு உபதேசியார், அவர் வீட்டுக்கு எங்கள் மாமா. வழக்கத்தை மீற மனமில்லாமல் சின்ன மாமாவும் தலையாட்டினார். அடுக்களையும் ஒரே குரலில் சம்மதித்தது.

வேலியோரத்துப் பிலா மரத்தின் கீழே ஸ்டூல் போட்டோம். நீதிபதி கறுப்பு அங்கி போட வேண்டும் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். உபதேசியார் அடக்கத்துக்குப் போகும்போது போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த வெயிலில் அவர் வேர்த்து ஒழுகியது எங்களுக்கே பாவமாக இருந்தது. கோட்டில் பாச்சா உருண்டை வாசனை. சின்னம்மை விசிறியோடு பின்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, இந்த வீட்டுல காரணவருக்கு என்னெல்லாம் அதிகாரம் உண்டு?" என்று உபதேசியார் மாமாவிடம் கேட்டார்.

"நிலம், மரம், மாடு, கல்யாணம், கருமாதி, கோயில் காரியம்."

"படிப்பு?"

மாமா யோசித்தார். "இந்த வீட்டுல ஒரு பெண்ணும் இதுக்கு முன்ன வெளியூர் போய்ப் படிச்சதில்ல."

"அப்போ அந்த அதிகாரம் உங்களுக்கு எப்பம், ஆரு தந்தா?"

சின்ன மாமா குறுக்கே பாய்ந்தார். "காரணவருக்கு எல்லாத்துக்கும் அதிகாரம் உண்டு!"

"இரும் தம்பி. எழுதிக் கொடுக்காத அதிகாரம் மக்களுக்குச் சொந்தம்னு எங்க சர்ச் மைதானத்துல சொன்னப்போ மொதல்ல கை தட்டினது உங்க அண்ணன். நான் பக்கத்துல இருந்தேன், எனக்க காது அடைச்சுப் போச்சு." உபதேசியார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "தராத அதிகாரத்தை வெச்சு வேண்டாம்னு சொல்லப்பிடாது. கல்யாணம் பேசுனா காரணவர் பேசட்டு. படிப்பு அந்தப் பிள்ளைக்க காரியம். அது போகலாம். இதாக்கும் எனக்க தீர்ப்பு."

சின்ன மாமா துள்ளி எழுந்தார். "கேக்காண்டாம் அண்ணே! இவருகிட்ட போலீஸா இருக்கு?"

"இல்ல" என்றார் மாமா. "கம்பும் இல்ல, சாவியும் இல்ல. நான் நடத்தினா அது தீர்ப்பு, நடத்தாட்டா வெறும் பேச்சு. நாளைக்கு எல்லை வழக்குல நமக்கு ஒரு தீர்ப்பு வந்து, அந்த சர்க்கார் நடத்தமாட்டேன்னு சொன்னா நீ என்ன செய்வே?" சின்ன மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

பள்ளி திறக்கிற நாளில் அக்காவின் தகரப்பெட்டியை மாமாவே தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். மூடியில் ரோஜாப்பூ வரைந்த பச்சைப் பெட்டி. அப்பாவுக்கு அன்றைக்கு ஒரு கேஸ் இருந்தது, என் அழுகையை நிறுத்துவதற்காக என்னையும் கூட்டிப்போனார்கள். பாறசாலை பஸ் நிறுத்தத்தில் டீக்கடையில் தொண்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து, "தலைவரே, நீங்களேயா?" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "தீர்ப்பு எனக்கு எதிரா ஆயிப்போச்சு. நடத்தவேண்டியவன் நானாக்கும்" என்றார். அவர் டீத் தம்ளரை நீட்டினார், மாமா வாங்கிக் குடித்தார். யாரும் அவரை ஒரு சொல் குறைவாகப் பேசவில்லை.

திருவனந்தபுரத்தில் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா பெரிய புத்தகத்தைத் திருப்பி வைத்து, காப்பாளர் கையெழுத்துக்கான இடத்தைக் காட்டி, "ரக்ஷகர்த்தாவு இவிடெ ஒப்பிடணும்" என்றார். மாமா தமிழில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா பார்த்துவிட்டு, "மலயாளம் எழுதான் அறியில்லே?" என்று கேட்டார்.

"அறியாம்" என்றார் மாமா, அந்த ஊர்க்காரரைவிடச் சுத்தமான மலையாளத்தில். "பக்ஷே எழுதான் மனசில்லா." தெரியும், ஆனால் எழுத மனமில்லையாம்.

குமாஸ்தா சிரித்துவிட்டு மை ஒற்றினார். விடுதி வாசலில் மாமா அக்காவின் தலையில் கை வைத்தார். "சோறு நல்லா இல்லேன்னா எழுதிப் போடு மக்கா. நான் சர்க்காரைக் கேக்கியேன்" என்றார். எதை எதிர்த்து நின்றாரோ அதையே இனி அவளுக்காகக் கேட்கப் போகிறார். அக்கா அப்போதுதான் அழுதாள்.

பின்னால் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். எல்லை வந்தது. தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின, நாம் இந்தப் பக்கமே நின்றுபோனோம். மாமா இரண்டு நாள் முற்றத்துக்கு வரவில்லை. இங்கே பயிற்சி முடித்திருந்ததால்தான் அக்காவுக்கு நம் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பிரிவில் வேலை கிடைத்தது. உங்கள் தம்பி தங்கைகளுக்கெல்லாம் அ எழுதப் பழக்கியவள் அவள்தான். எல்லைக்காகக் காத்திருந்தால் அவள் அடுக்களையில்தான் இருந்திருப்பாள். அத்தான் சொன்னபடி காத்திருந்து கட்டிக்கொண்டார். இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த நாளை நினைத்தால் எனக்கு மாமாவை இறுக்கிக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அப்போது நான் கட்டிக்கொள்ளவில்லை. அக்காவை இரண்டு மாதம் நடுங்க வைத்தவர் என்று கோபமாக இருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ் நெய்யாற்றின்கரைப் பாலத்தைத் தாண்டும்போது மாமா என் தோளைத் தட்டினார்.

"உபதேசியாருக்க மூத்த பிள்ளை நர்ஸ் வேலை பாக்குதே, தெரியுமா?"

"தெரியும்."

"அவ படிக்கப் போணும்னு நின்னப்போ அவங்க வீட்டுல பெரிய சண்டை. அவருக்கு இஷ்டம் இல்ல. அந்த வழக்கு எனக்கிட்டதான் வந்தது. அவ போகலாம்னு தீர்ப்பு சொன்னது நானாக்கும். அவரு ஒரு வாரம் எனக்கிட்ட பேசல்ல, ஆனா பெட்டியைத் தூக்கிட்டுப் போனது அவருதான்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்போ அவரு இப்பிடித்தான் சொல்லுவாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வேற எப்பிடிச் சொல்லுவாரு?"

"மொதல்லேயே நீங்க சரின்னு சொல்லியிருக்கலாமே மாமா! அக்கா சோறு தின்னாம கெடந்தாளே!"

மாமா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். "நான் சரின்னு சொன்னா எனக்க கூட நிக்கியவன் முகத்தைப் பாக்க ஒக்காது மக்கா. அவனும் பிள்ளைகுட்டிக்காரன், எல்லாத்தையும் விட்டுட்டு எனக்க பின்ன வாறான். தோத்துப்போனா பாக்கலாம்."

அவர் முன்பே நினைத்துத்தான் உபதேசியாரைச் சொன்னாரா, அல்லது தோற்றதை எனக்கு அழகாகச் சொல்லிக் காட்டினாரா என்று நான் அக்காவோடு எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். அக்கா முதலாவதுதான் என்பாள். எனக்கு எப்போதும் ஒரு சின்னச் சந்தேகம் உண்டு. ஆனால் அன்றைக்குப் பஸ்ஸில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. சந்தோஷம் தாங்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன், அவரும் சிரித்தார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

பாறசாலை நெருங்கியது. நிறுத்தத்தில் சின்ன மாமாவும் தொண்டர்களும் எங்களுக்காகக் காத்து நிற்பது தெரிந்தது. மாமா சட்டென்று சிரிப்பை நிறுத்தி, ஜிப்பாவை இழுத்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"சிரிக்காதே மக்கா" என்றார் என் காதோரம். "நாம தோத்துட்டு வாறோமாக்கும்."